கிளியும் பருந்தும் கைக்கு வருமுன்: பறவை மீட்பு மையத்தில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு

முப்பத்தொரு வருடம் தபால் துறையில் கடிதங்களை எடை போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருடங்களாகப் பறவைகளை எடை போடுகிறேன். சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். திடமான பச்சைக்கிளி ஒன்று ஏறக்குறைய ஆறு கடிதம். இந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. இருந்தாலும் கிளியைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்குள் அது ஓடுகிறது.

நான் போகும் மீட்பு மையம் சென்னைக்குத் தெற்கே, ஓர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு அங்கே இருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள், ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், பேத்தியின் பள்ளித் தோழிகளுடைய அம்மாக்கள் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நானும் வரலாமா? எனக்குப் பறவை என்றால் உயிர்." அப்படி உயிராய் வந்தவர்களில் பாதிப் பேரை மூன்றாவது வாரம் காணோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே என்ன வேலை என்று முன்கூட்டி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

எங்கே போய்க் கேட்பது

பறவைகள் சரணாலயம் என்றதும் நமக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கிய ஊர் அது. ஆனால் அங்கே நம் கைக்கு வேலை கிடையாது. கூழைக்கடாவும் நாரையும் தாமாக வருகின்றன, தாமாக மீன் பிடிக்கின்றன, தாமாகப் போகின்றன. தொலைநோக்கியும் வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் இருந்தால் போதும். நாம் கவனித்தே தீர வேண்டிய பறவைகள் இருப்பது உயிரியல் பூங்காக்களிலும் மீட்பு மையங்களிலும். வனத்துறை நடத்துபவையும் உண்டு, அதன் அனுமதியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்துபவையும் உண்டு. மீட்பு மையத்துக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். போகும் இடத்தில் அதைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

கேட்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வளர்க்க முடியாது, விற்க முடியாது. அடிபட்ட பருந்தை அன்பு மேலிட்டு மொட்டை மாடியில் வைத்து வளர்ப்பதும் குற்றம்தான். லவ் பேர்ட்ஸ், காக்டீல் போன்றவை வெளிநாட்டு இனங்கள், அவற்றின் கதை வேறு. அனுமதியில்லாத ஓர் இடத்தில் நீங்கள் நல்லெண்ணத்தோடு வேலை பார்த்தாலும், ஒருநாள் வனத்துறை வந்து கேட்டால் நல்லெண்ணம் ரசீதாகாது.

எங்கள் மையத்தில் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆறு மாதமாவது வர வேண்டும். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற இடங்களில் விதி கொஞ்சம் மாறலாம், ஆனால் எல்லோரும் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்ன நாளில் வருவீர்களா? கூண்டில் இருக்கும் பறவைக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும், பொங்கலன்றும் பசிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு மறுநாள்தான் ஆள் தேவை. வெயில் காலத்துச் சனிக்கிழமை காலையில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

வருமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தாலும், கருவுற்றிருந்தாலும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் 'சிட்டகோசிஸ்' என்ற நோய் உண்டு. சாதாரண ஃப்ளூ காய்ச்சலைப் போலத்தான் தொடங்கும். காய்ச்சல் வந்தால் "நான் கிளிக்கூண்டு கழுவுகிறேன்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். வீட்டில் கோழியோ கிளியோ வளர்க்கிறீர்கள் என்றால் அதையும் மையத்தில் மறைக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் உங்களை வர வேண்டாம் என்பார்கள். அதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உடை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். மூடிய காலணி வேண்டும், செருப்பு ஆகாது. வாசனைத் திரவியம் வேண்டாம், தலையில் பூ வேண்டாம். நகை அறவே வேண்டாம். முதல் வாரம் நான் சின்ன ஜிமிக்கியோடு போனேன். ஆண் கிளி ஒன்று தோளுக்குத் தாவி, ஜிமிக்கியைக் காது மடலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதன் அலகு வாதாம் கொட்டையை உடைக்கும் அலகு. தழும்பு இன்னும் இருக்கிறது.

முதல் மாதம்: விளக்குமாறு

முதல் மாதம் எந்தப் பறவையையும் தொட விட மாட்டார்கள். கிண்ணம் கழுவுவீர்கள், கூண்டின் தரையில் செய்தித்தாள் மாற்றுவீர்கள். இதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டவர்கள்தான் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோனவர்கள்.

கிண்ணத்தில் ஒட்டியிருப்பதை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சோப்பு, பிறகு நல்ல தண்ணீர், பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல், மறுபடி நல்ல தண்ணீர், கடைசியில் வெயில். அழுக்கின்மேல் பிளீச்சிங் ஊற்றினால் அதன் வேகம் அழுக்கோடு போய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நம்மை இருமவைக்கும், பறவையைக் கொன்றுவிடும். பறவைக்கு நுரையீரலோடு உடம்பெங்கும் காற்றுப்பைகளும் உண்டு. காற்றில் இருக்கும் நஞ்சு நம்மைவிட விரைவாக அதன் உடம்பில் ஏறும். கொசுவத்தி, சாம்பிராணி எல்லாமே அதற்கு ஆபத்து. ஓர் ஆயுத பூஜையன்று புதிதாகச் சேர்ந்த பையன் பக்தியோடு கூண்டுக் கொட்டகைக்குள் ஊதுபத்தி ஏற்றிவிட்டான். எங்கள் மூத்த பராமரிப்பாளர் ஓடிவந்து அதை வெறுங்கையால் அணைத்தார்.

கூண்டை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. எச்சத் தூசி பறந்தால் நேரே நம் மூக்குக்குள் போகும். முதலில் தண்ணீர் தெளித்து, தாளை உட்பக்கமாகச் சுருட்டி எடுக்க வேண்டும். முகக்கவசம் எப்போதும் வேண்டும்.

சுருட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் அந்தத் தாளைப் பாருங்கள். அன்றைய செய்தியே அதில்தான் இருக்கிறது. பறவையின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: பச்சையாகவோ பழுப்பாகவோ கெட்டியாக இருப்பது மலம், சுண்ணாம்பு போல வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலக் கழிவு, சுற்றி ஈரமாகப் படர்ந்திருப்பது சிறுநீர். மூன்றும் தனித்தனியே தெரிந்தால் நல்லது. வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகிப்பார்கள். கரும்பச்சையாக, கொஞ்சமே கொஞ்சம் இருந்தால் அந்தப் பறவை சாப்பிடவில்லை. கிண்ணம் காலியாக இருக்கலாம், ஆனால் தின்றது பக்கத்துக் கிளி. நிறைய ஈரமாக இருந்தால் நேற்று தர்பூசணி கொடுத்தோமா என்று முதலில் கேளுங்கள், பிறகு பயப்படலாம். ஞாயிறு இணைப்பின் வழவழப்பான தாளை விரிக்காதீர்கள். அது உறிஞ்சாது, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வெறும் கறுப்பு வெள்ளைப் பக்கமே சிறந்தது. என்னைக் கேட்டால் வரிவிளம்பரப் பக்கம்.

கூண்டுக்கு இரண்டு கதவுகள் இருக்கும். முதல் கதவுக்குள் நுழைந்து, அதைத் தாழிட்டு, தாழை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். இரண்டு கையிலும் கிண்ணம் இருக்கிறதே, முதுகால் சாத்தினால் போதும் என்று நினைத்தேன் ஒருநாள். சிறகு ஆறிக்கொண்டிருந்த மைனா ஒன்று தலைக்குமேல் போய்விட்டது. வேப்பமரத்தில் இரண்டு பகல், இரண்டு இரவு உட்கார்ந்திருந்தது. காக்கைகள் சுற்றிச் சுற்றி வந்தன. பராமரிப்பாளர் என்னைத் திட்டவில்லை. "அம்மா, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள், கிண்ணம் பறந்து போகாது" என்றார். அதற்குத் திட்டே தேவலை. மூன்றாம் நாள் அதுவே பசி தாங்காமல் இறங்கி வந்து பொறிக்கூண்டுக்குள் போனது.

எடை

என்னை மையத்தில் ஆளாக்கியது எடைதான். பறவை தன் நோயை மறைக்கும். சோர்ந்து உட்கார்ந்த பறவையைத்தான் காட்டில் வேட்டையாடும் உயிர்கள் முதலில் பிடிக்கும் என்பதால், அது நிற்க முடிகிற வரை நிமிர்ந்தே நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்குள் பாதிக் காலம் கடந்திருக்கும். தராசிடம் மட்டும் மறைக்க முடியாது.

தினமும் ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன்னால் எடை போட வேண்டும். துணிப்பையை முதலில் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, பிறகு பறவையைப் பைக்குள் விட வேண்டும். இருட்டில் அது அடங்கும். அட்டையில் தேதி, எடை, எழுதியவர் கையெழுத்து. "சுமார்" என்று எழுதக் கூடாது. நேற்று எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு இன்றைய எண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோகவும் கூடாது. இது எல்லோருக்கும் வரும் ஆசை, தபால் நிலையத்திலும் பார்த்திருக்கிறேன்.

17-ஆம் எண் பருந்து மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு வந்தது. தையல் ஆறி, நன்றாகத் தேறி வந்தது. என் அட்டையில் 742, பிறகு 731, 718, 704. தினமும் அது இறைச்சியைக் காலில் பிடிப்பதைப் பார்த்தோம், தின்கிறது என்றே நினைத்தோம். 704 அன்று நான் எழுதிவிட்டுப் போகாமல் மறைப்புக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். துண்டை எடுக்கிறது, தலையைப் பின்னால் சாய்க்கிறது, விழுங்கப் பார்க்கிறது, துண்டு வெளியே வந்து விழுகிறது. மறுபடி அதே துண்டு. ஏழு முறை எண்ணினேன். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது தொண்டையில் பாலாடைக்கட்டி போல மஞ்சள் படலம். புறாக்களிடமிருந்து வேட்டைப் பறவைகளுக்கு வரும் ஒருசெல் உயிரியின் வேலை என்றார். மருந்து கொடுத்தபின் சில நாளில் தானாக விழுங்கியது. மாஞ்சாவில் தப்பியது ஏறக்குறைய தொண்டையில் போயிருக்கும்.

மாஞ்சா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை போட்டது. தடை காகிதத்தில் இருக்கிறது, நூல் மரத்தில் தொங்குகிறது. எங்கள் பருந்துகளின் அட்டையில் 'காரணம்' என்ற கட்டத்தில் அதிகம் வரும் சொல் அதுதான். தொங்கும் நூலை எங்கே பார்த்தாலும் சுற்றி எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். இந்தத் தொண்டுக்கு எந்த மையத்திலும் சேர வேண்டியதில்லை.

பிடிப்பது

இரண்டாவது மாதம் கையில் கொடுப்பார்கள். பயத்தில் எல்லோரும் இறுக்கிப் பிடிப்பார்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மார்பை அமுக்கினால் சத்தமில்லாமல் மூச்சடைத்துப் போகும். சிறகுகளை உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் அணைக்க வேண்டும், மார்பு அசைய இடம் விட வேண்டும். அப்படி வைத்திருக்கும்போதே ஒரு விரலால் மார்பெலும்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் நல்லது. கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருந்தால் பட்டினி.

எதற்கு எதைப் பிடிப்பது என்பதும் முக்கியம். பருந்துக்கும் கூகை ஆந்தைக்கும் ஆயுதம் கால். முதலில் துண்டைப் போட்டு இரண்டு காலையும் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிளிக்கு ஆயுதம் அலகு. தலையின் இரு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருக்க வேண்டும். கொக்கு, வக்கா, நாரை ஆகியவற்றிடம் கவனம் தேவை. அவை சாதுவாக நின்று, கழுத்தை ஒரே வீச்சில் நீட்டிக் கண்ணைக் குத்தும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் மடையான் என்ற சின்னக் கொக்கைக்கூடத் தூக்காதீர்கள்.

தீனி

நான் சைவம். அதை முதல் நாளே சொன்னேன். "அப்படியென்றால் கிளிப் பக்கம் போங்கள் அம்மா" என்றார்கள். இரண்டு வருடம் கிளிப் பக்கமே இருந்தேன். டில்லி செங்கோட்டை எதிரில் ஜைனர்கள் நடத்தும் பறவை மருத்துவமனை இருக்கிறது. தானியம் தின்னும் பறவைகளுக்கு அங்கே படுக்கை உண்டு. இறைச்சி தின்னும் பறவைகளுக்கு வெளிநோயாளிச் சிகிச்சை மட்டும். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஆள் குறைந்தது, பருந்துகள் கத்திக்கொண்டிருந்தன. அன்று கையுறை போட்டுக்கொண்டு கோழியை எலும்போடு நறுக்கினேன். வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தேன். இப்போது ஒருமுறைதான். உங்களால் முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டு எலும்பில்லாத துண்டுகளாகப் பார்த்துப் போடுவதுதான் தவறு.

எலும்பு ஏன் என்றால், வெறும் சதையில் கால்சியம் மிகக் குறைவு. ஒருமுறை ஒரு குடும்பம் பருந்துக் குஞ்சைக் கொண்டுவந்தது. மூன்று வாரம் எலும்பில்லாத கோழியை ஊட்டி, பாசத்தோடு வளர்த்திருக்கிறார்கள். குஞ்சின் இரண்டு கால்களும் ஈரத்தில் போட்ட அட்டை போல வளைந்திருந்தன. அந்தப் பெண் அழுதாள், எங்களுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. வேட்டைப் பறவைக்கு எலும்பு, தோல், முடி எல்லாம் வேண்டும். செரிக்காத முடியையும் இறகையும் அது உருண்டையாகக் கக்கிவிடும். கூகை முழு எலியை விழுங்கிவிட்டு எலும்பும் முடியுமாக ஓர் உருண்டை தரும். அந்த உருண்டை விழுந்ததா என்று பார்த்து எழுதுவதும் உங்கள் வேலை.

கிளிக்கு வருவோம். வளர்ப்பு வீடுகளிலிருந்து பறிமுதலாகி வரும் கிளிகள் பெரும்பாலும் நெல், சூரியகாந்தி விதை, டீயில் நனைத்த பிஸ்கட், முறுக்கு ஆகியவற்றில் வளர்ந்தவை. விதையை மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ குறையும், கல்லீரலில் கொழுப்பு சேரும். முளைகட்டிய பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கம்பு, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கலந்து கொடுக்க வேண்டும். பழகாத கிளி மூன்று நாள் கிண்ணத்தைக் கவிழ்க்கும். எடையைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக மாற்றுங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. உப்புச் சேர்த்த எதுவும் ஆகாது. பச்சை மிளகாய் தாராளமாகக் கொடுக்கலாம். நமக்கு உறைக்கும் பொருள் பறவைக்கு உறைப்பதே இல்லை.

உட்காரும் கிளைகள் ஒரே தடிமனில் இருந்தால் பாதத்தின் ஒரே இடம் தேய்ந்து புண்ணாகும். பிளாஸ்டிக் குழாய் இன்னும் மோசம். கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் வெவ்வேறு பருமனில் கட்டுங்கள். பருந்துக்குக் கட்டையின்மேல் தேங்காய் நார்க் கயிறு சுற்ற வேண்டும்.

வாயில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருணையுள்ளவர்கள் எல்லோரும் செய்யும் கொலை அது. மயங்கிக் கிடக்கும் பறவையின் அலகைத் திறந்து நாம் ஊற்றுகிறோம். மூச்சுக்குழலின் வாய் அதன் நாக்கின் அடியிலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகிறது. பாலும் வேண்டாம், அது அதற்குச் செரிக்காது. அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டில் கதகதப்பாக வைத்து, மையத்துக்கோ வனத்துறைக்கோ கொண்டுவந்தாலே போதும். சில்லிட்டிருக்கும் பறவைக்குத் தீனியும் கொடுக்கக் கூடாது. முதலில் சூடு, பிறகுதான் சோறு.

குஞ்சுகள்

கோடையில் குஞ்சுகள் வந்து குவியும். அவற்றில் கணிசமானவை யாராலும் காப்பாற்றப்பட வேண்டியிராதவை. இறகு முளைத்துத் தரையில் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்து மரத்தில் இருக்கும். பூனை வராமல் பார்த்துக்கொண்டு விலகி நின்றாலே போதும். ஒருமுறை காக்கைக் குஞ்சு என்று ஒருவர் கொண்டுவந்தது குயில் குஞ்சு. காக்கை வளர்த்ததால் அவரும் காக்கை என்றே நம்பியிருந்தார். காக்கையே ஏமாறும்போது அவர் என்ன செய்வார்.

உண்மையிலேயே அனாதையான கூகைக் குஞ்சு வந்தால் அதனிடம் பேசாதீர்கள். முகத்தைத் துணியால் மறைத்து, இடுக்கியால் ஊட்ட வேண்டும். கண் திறந்த நாட்களில் எந்த முகத்தைப் பார்க்கிறதோ அதையே தன் இனம் என்று அது எடுத்துக்கொள்ளும். பிறகு எத்தனை எலி பிடிக்கக் கற்றாலும் மனிதன் பக்கமே வரும், கல்லடி படும். எங்கள் மையத்தில் எந்தப் பறவைக்கும் பெயர் கிடையாது, எண்தான். முதலில் அது கல்நெஞ்சாகத் தோன்றியது. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் வரத் தோன்றும்.

41

அந்த விதிக்கு மிகவும் அடம் பிடித்தது 41. கிளி ஜோசியக் கூண்டிலிருந்து வந்தது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்த கிளியின் ஜோசியரை வனத்துறை பிடித்துச் சென்றது செய்தியானதே, நினைவிருக்கிறதா? (வேட்பாளர் தோற்றது கிளியின் குற்றமில்லை.) 41 அந்தக் கிளி இல்லை, அதே தொழிலில் இருந்த வேறொன்று. இரண்டு சிறகிலும் பறக்கும் இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள்.

முதல் நாள் எடை அட்டைகளைக் கையில் விசிறி போலப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் நின்றேன். அது கிளையிலிருந்து நடந்து வந்தது, ஓர் அட்டையை உருவியது, என் காலடியில் போட்டது, நிமிர்ந்து பார்த்தது. கூலிக்காக. சீட்டு எடுத்தால் ஒரு நெல் கிடைக்கும் என்பதுதான் அதற்குத் தெரிந்த உலகம். என் கையில் கொண்டைக்கடலை இருந்தது. "கொடுக்காதீர்கள் அம்மா" என்றார் பராமரிப்பாளர். கொடுக்கவில்லை. அது இன்னோர் அட்டையை உருவியது. பிறகு இன்னொன்று. பதினோரு அட்டைகள். எனக்குப் பாராட்ட வாய் வந்தது, மூடிக்கொண்டேன்.

வெட்டிய இறகு வளராது. அடித்தண்டு உதிர்ந்து புதியது முளைத்தால்தான் உண்டு. அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகலாம். முளைக்கும்போது புது இறகின் தண்டில் ரத்தம் ஓடும், அது முறிந்தால் கொட்டும். ஆகவே அந்த நாட்களில் அதைப் பிடிப்பதைக் குறைத்தோம். தரைத் தராசில் ஒரு கிளையைக் கட்டி, தானாக ஏறி உட்காரப் பழக்கினோம்.

பருந்துக்கு அந்த ஒரு வருடக் காத்திருப்பைக் குறைக்க வழி உண்டு: இறந்த அல்லது இறகு உதிர்த்த பருந்தின் இறகை, முறிந்த தண்டுக்குள் மூங்கில் சிம்பு செருகி ஒட்டுவது. ஒட்டுவது மருத்துவரின் வேலை. இறகுகளைப் பிரித்து வைப்பது என் வேலை. வலது, இடது என்று பிரித்து, முதன்மை இறகுகளுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, ஒவ்வொன்றையும் ஓர் உறையில் இட்டு அடுக்கியிருக்கிறேன். 'வலது 7' வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். இடது 3-ஐ வலது 3-க்கு ஒட்ட முடியாது, வளைவு எதிர்ப்பக்கம் இருக்கும். மையத்திலிருந்து ஓர் இறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், புத்தகத்தில் வைக்க அழகாக இருந்தாலும். சட்டம் அதற்கும் உண்டு.

விடுவிப்பது

இது அபூர்வமாக வரும் வேலை, எல்லோரும் வர விரும்பும் நாள். கைதட்ட வேண்டாம். பறவையைத் தூக்கி எறியவும் வேண்டாம். பெட்டியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்காருங்கள். பருந்தைக் கண்டெடுத்த இடத்துக்குப் பக்கத்தில், காலையில், வானம் தெளிவாக இருக்கும் நாளில் விட வேண்டும். பட்டம் விடும் விடுமுறை நாளாகப் பார்த்து விடாதீர்கள். கூகையை அந்தி சாய்ந்த பிறகு. கிளிகளைத் தனியாக விடாமல் கூட்டமாக, பழகிய கூண்டின் கதவைத் திறந்து வைத்து, கிண்ணத்தில் தீனியைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே விட வேண்டும். சில அன்றே போகும், சில பத்து நாள் போய்ப்போய்த் திரும்பும்.

17-ஆம் எண் பருந்து பெட்டியிலிருந்து வெளியே வர ஐம்பது நிமிடம் ஆனது. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தேவையில்லாமல், அட்டையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 781. அது மின்கம்பத்தில் ஒருமுறை உட்கார்ந்து இறகைக் கோதிவிட்டு ஏரிப் பக்கம் போனது. இரண்டு காக்கைகள் துரத்தின, அதை அது பொருட்படுத்தவில்லை.

41 இன்னும் இருக்கிறது. வலது சிறகில் ஆறு புது இறகு, இடதில் நான்கு. கூண்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாகப் பறக்கிறது. அட்டையை இப்போதும் உருவுகிறது, ஆனால் கூலி கேட்டு நிமிர்வதில்லை, கிழித்துப் போடுகிறது. அதனால் புதிதாக வருகிறவர்கள் 41-இன் அட்டையை மட்டும் கூண்டுக்கு வெளியே ஆணியில் மாட்ட வேண்டும்.